தேடத் தொடங்க வேண்டிய நேரம்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ‘127 ஹவர்ஸ்’ படம் பார்த்தோம். பள்ளத்தாக்கில் பாறைக்கு நடுவே கை மாட்டிக்கொண்ட ஒருவர், ஐந்தாறு நாள் கழித்துத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு தப்பி வருகிற கதை. என் மனைவி பாதியிலேயே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மகளோ, “பாத்தியாப்பா, மன உறுதி இருந்தா எதையும் ஜெயிக்கலாம்” என்கிறாள். இப்போது தோழிகள் ஏழு பேரோடு நாகலாபுரம் மலைக்கு ஒருநாள் மலையேற்றம் போகிறேன் என்று நிற்கிறாள். தடுத்தால் சொல்லாமல் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது, அனுப்பவும் பயமாக இருக்கிறது. அந்தப் படத்தின் பாடம் அவள் சொல்வதுதானா? என்ன சொல்லி அனுப்பட்டும்?
– வில்லிவாக்கம் வாசகர்

பதில்: அனுப்புங்கள். ‘சொல்லாமல் போய்விடுவாளோ’ என்று பயப்படுகிறீர்களே, அந்தப் படத்தில் நடந்த தவறும் அதேதான்.

படம் 2010இல் வந்தது. இயக்கம் டேனி பாயில், இசை நம்மூர் ஏ.ஆர். ரஹ்மான். (அந்த இசை ஓடும்போது அசட்டுத்தனம்கூட வீரமாகத்தான் தெரியும். உங்கள் மகளைக் குறை சொல்ல மாட்டேன்.) கதை உண்மையில் நடந்தது. ஏரன் ரால்ஸ்டன் என்பவர் இன்டெல் நிறுவனத்தில் பொறியாளர் வேலையை உதறிவிட்டு மலையேறப் போனவர், கத்துக்குட்டி இல்லை. 2003 ஏப்ரல் 26, சனிக்கிழமை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புளூஜான் கேன்யன் என்ற குறுகலான பள்ளத்தாக்கில் தனியாக இறங்கினார். காலடியில் அசைந்த ஒரு பாறை, சுமார் 360 கிலோ, வலது கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. அப்போது அவரிடம் மிச்சமிருந்த தண்ணீர் ஏறத்தாழ 350 மில்லி, இரண்டு டம்ளர்கூட நிறையாது. எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அதனால் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அவரை யாரும் தேடவில்லை. வேலைக்கு வர வேண்டிய நாளில் ஆள் வரவில்லை என்றதும்தான் கூட வேலை செய்தவர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். அம்மா ஓயாமல் காவல்துறையை அழைத்தார். மகன் எந்த மாநிலத்தில் எந்தப் பக்கம் போனான் என்று கண்டுபிடிப்பதற்கே நேரம் போயிற்று. கடைசியில் அவருடைய வண்டி அகப்பட்டது. மே 1 வியாழன் அன்று அவர் கையை வெட்டிக்கொண்டு, கயிற்றில் ஒற்றைக் கையால் இறங்கி, வெயிலில் நடந்து வந்துகொண்டிருந்தபோது தேடும் ஹெலிகாப்டர் ஏற்கெனவே அந்தப் பகுதியில் பறந்துகொண்டிருந்தது. வழியில் ஒரு குடும்பம் எதிர்ப்பட்டுத் தண்ணீர் கொடுத்தது, ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டு போயிற்று.

பாறையிலிருந்து விடுபட்டது மன உறுதியால். அதை நானும் மறுக்கவில்லை. உயிரோடு மருத்துவமனை போய்ச் சேர்ந்தது, வீட்டிலும் வேலையிடத்திலும் இருந்தவர்கள் விசாரித்ததால். படம் முழுக்கப் பள்ளத்தாக்குக்குள்ளேயே நடப்பதால் இந்தப் பாதி நமக்கு மனதில் நிற்பதில்லை. அந்த அம்மாவின் வேலைதான் இப்போது உங்களுக்கு வந்திருக்கிறது. அதைச் செய்ய உங்களுக்குத் தேவை ஒரு தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு மகளைக் கையால் எழுதித் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதற்றத்தில் நாற்பது ‘குட் மார்னிங்’ நடுவில் தேட வேண்டியிருக்கும். எட்டுப் பேரின் பெயர், கைபேசி எண், ரத்த வகை, யாருக்காவது ஆஸ்துமாவோ வலிப்போ இருந்தால் அது. வேனின் எண், ஓட்டுநரின் எண். எந்த ஊரில் வண்டியை நிறுத்துகிறார்கள், எந்த ஓடை வழியாக ஏறுகிறார்கள், எதுவரை, எந்த வழியாக இறங்குகிறார்கள். ‘நாகலாபுரம் போறோம்’ என்பது பாதை ஆகாது. அங்கே ஓடைகள் பல. ஒன்றில் தேட வேண்டியவர்களை இன்னொன்றில் தேடுவது நாள் முழுக்க வீண்.

அடுத்து, பலரும் கோட்டை விடுகிற இடம். நாகலாபுரம் இருப்பது ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில். வில்லிவாக்கத்தில் இருந்துகொண்டு நீங்கள் 112ஐ அழுத்தினால் அது தமிழ்நாட்டின் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். 108ம் அப்படியே. அவர்கள் அங்கே தகவல் சொல்வதற்குள் நேரம் ஓடும். ஆகவே அந்த ஊர் காவல் நிலையத்தின் எண்ணையும் வனச்சரக அலுவலகத்தின் எண்ணையும் முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஒருமுறை அழைத்து மணி அடிக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள்.

கூடவே, வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இது சட்டத்துக்காக மட்டும் சொல்வதில்லை. அனுமதியில்லாமல் நுழைந்த குழு, ஒருத்தி காலை உடைத்துக்கொண்டாலும் ‘மாட்டிக்கொள்வோமே’ என்று உதவி கேட்கத் தயங்கும். அந்தத் தயக்கத்தில் போகிற இரண்டு மணி நேரம்தான் உயிரை எடுக்கிறது. அனுமதி கிடைக்கவில்லையா, இடத்தை மாற்றச் சொல்லுங்கள். தமிழ்நாடு வனத்துறை 2024 முதல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளுக்கு இணையத்திலேயே முன்பதிவு தருகிறது, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். முதல் முறை போகிறவர்களுக்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையே போதும்.

தாளின் இன்னொரு பக்கத்தில் நான்கு நேரங்கள் இருக்க வேண்டும்: நடக்கத் தொடங்கும் நேரம், திரும்பும் நேரம், காட்டைவிட்டு வெளியே வரும் நேரம், நீங்கள் தேடத் தொடங்கும் நேரம்.

காலை 6.30க்கு நடக்கத் தொடங்கி மாலை 4.30க்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று வையுங்கள். பத்து மணி நேரம். பாதிக்குப் பாதி என்று பிரித்து 11.30 வரை ஏறிக்கொண்டே இருக்கலாம் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவார்கள். அது தப்புக் கணக்கு. இறங்கும்போது முழங்கால் ஓய்ந்திருக்கும், வெயில் உச்சியில் இருக்கும், ஒருத்தி நொண்டுவாள். மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு. அப்படிப் பார்த்தால் காலை 9.50க்குத் திரும்பிவிட வேண்டும். எங்கே நின்றாலும் சரி.

இதில் தவறு நடப்பது இரண்டு விதத்தில். வேன் தாமதமாகி 8 மணிக்குத்தான் நடக்கத் தொடங்குவார்கள், திரும்பும் நேரத்தையும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போடுவார்கள். சூரியன் அதற்காகக் காத்திருக்காது, நவம்பர் மாதம் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும், மரங்களுக்கு அடியில் இன்னும் சீக்கிரம். ஆகவே எத்தனை மணிக்குத் தொடங்கினாலும் வெளியே வரும் நேரம் 4.30தான். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். இன்னொன்று, “அருவி பத்தே நிமிஷத்துல வந்துடும்டி” என்கிற பேச்சு. பத்து நிமிடம் நாற்பதாகும். அருவிச் சத்தம் காதில் கேட்கும்போது ‘நேரமாச்சு, திரும்பலாம்’ என்று சொல்வதற்கு ஒரு மன உறுதி வேண்டுமே, உங்கள் மகளிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். கையை வெட்டிக்கொள்ளும் உறுதி யாருக்கும் தேவைப்படாமல் போவது இதனால்தான்.

தண்ணீருக்கு வருவோம். நம் பக்கத்து வெயிலில் மலையேறும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர்வரை வேண்டும். சிலருக்கு ஒரு லிட்டர்கூட. உங்கள் மகளுக்கு எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு ஞாயிறு காலை எடை பாருங்கள். இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டைப் பையில் போட்டு மாட்டிக்கொண்டு, மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்பி நடக்கச் சொல்லுங்கள், நீங்களும் கூடவே நடங்கள். எவ்வளவு குடித்தாள் என்று குறித்துக்கொண்டு, வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். போகும்போது 55.0, வந்ததும் 54.4, நடுவில் குடித்தது அரை லிட்டர் என்றால், இழந்தது 1.1 லிட்டர். ஒன்றரை மணி நேர நடைக்கு இது, அதாவது மணிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சமதளத்துக் கணக்கு இது. ஏற்றத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். நடை ஏழு மணி நேரம் என்றால் ஐந்து லிட்டர். ஐந்து கிலோ சுமை. சுமக்க முடியாது என்று தெரிந்தால் பாதையைச் சுருக்குவதுதான் வழி, தண்ணீரைக் குறைப்பது வழியல்ல.

வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். ‘தண்ணி பத்தல’ என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள், இன்னும் மோசமாகும். உலக சுகாதார நிறுவன அளவுப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம், 20.5 கிராம், ஒன்றை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். டம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்குவது கூடாது, உப்பு அதிகமாகிக் கெடுதல் செய்யும். கடைகளில் டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்களை இதற்குப் பதிலாக நம்பாதீர்கள், சர்க்கரைதான் அதிகம். பாட்டிலில் உப்புப் போட்ட மோர் மதியத்துக்குள் புளித்துவிடும். எலுமிச்சை உப்பு சர்க்கரை கலந்த தண்ணீர் தாங்கும்.

படத்தில் தண்ணீர் தீர்ந்ததும் அவர் சிறுநீரைக் குடிப்பார். உண்மையிலும் குடித்தார். அது அவரைக் காப்பாற்றிய உத்தி என்று மகள் நினைத்தால் திருத்துங்கள். தாகத்தில் இருக்கும் உடம்பின் சிறுநீரில் உப்பும் கழிவும் செறிந்திருக்கும், அதை வெளியேற்ற உடம்பு இன்னும் தண்ணீரைச் செலவழிக்கும். சிறுநீரைப் பார்ப்பதற்கு வேறு பயன் உண்டு. வைக்கோல் நிறத்தில் போனால் சரி, கருப்பட்டித் தண்ணீர் நிறத்தில் போனால் நிழலில் உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் அடுத்த அடி.

படத்தில் இல்லாத ஆபத்து ஒன்று இருக்கிறது, நாகலாபுரம் போகிறவர்கள் பாறையைவிட அதற்குத்தான் பயப்பட வேண்டும். ஓடையில் நடுநடுவே மடுக்கள். மேலே பார்த்தால் தெளிவாக, இடுப்பளவு போலத் தெரியும், இரண்டடி வைத்தால் ஆளை விழுங்கும். பாசி படிந்த பாறையில் ஈரச் செருப்போடு நின்று செல்ஃபி எடுப்பவர்கள்தான் முதலில் விழுகிறார்கள். அவர்களைக் காப்பாற்றக் குதிக்கிறவர்கள் இரண்டாவது. நீச்சல் தெரியாத எவரும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மடுவில் இறங்கக் கூடாது, முழங்காலளவு என்று சொன்னாலும். யாராவது விழுந்தால் குதிக்காமல், மூடி இறுகிய காலி இரண்டு லிட்டர் பாட்டில்கள் இரண்டைப் பையில் போட்டு எறியுங்கள், துப்பட்டாவையோ கயிற்றையோ வீசுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தலைக்கு மேல் வெயில் காய்ந்தாலும் மலை உச்சியில் மழை பெய்திருக்கும். தெளிந்த ஓடை கலங்கலாக மாறுகிறது, சருகும் சுள்ளியும் மிதந்து வருகிறது என்றால் போட்டோ, பை எதையும் பார்க்காமல் கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும். எதிர்க்கரைக்குக் கடக்கப் பார்க்கக் கூடாது.

கோடையில் என்றால் தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்தன. காய்ந்த புல் நிற்கும் மாதங்களில் போகவே வேண்டாம். எங்கேனும் புகை தெரிந்தால் மேல்நோக்கி ஓடக் கூடாது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், மனிதக் கால் அதற்கு ஈடுகொடுக்காது. வெறும் பாறை, ஏற்கெனவே எரிந்து முடிந்த நிலம், இவைதான் இடம்.

வழி தவறினால் என்ன செய்வது? உட்கார வேண்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை. வழி தவறிவிட்டது என்று உறைக்கும் நொடியில் கால் தானாக வேகமெடுக்கும், ‘இந்தப் பக்கம்தான்’ என்று எவளாவது அடித்துச் சொல்வாள். பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது என்று ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அது அரை மணி நடைக்குள் இருந்து வந்த தடமும் தெரிந்தால் எல்லோருமாக அங்கே திரும்பலாம். இல்லையென்றால் திறந்தவெளிப் பாறை ஒன்றில் வண்ணத் துணியை விரித்துப் போட்டுவிட்டு அங்கேயே இருக்க வேண்டும். ‘ஓடையைப் பிடிச்சு இறங்கினா ஊர் வந்துடும்’ என்பது இந்த மலைகளில் ஆளைக் கொல்கிற யோசனை. ஆளுயரப் பாறையில் சறுக்கி இறங்கிவிடுவார்கள், அடுத்தது இருபதடி அருவி, திரும்பி ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

விசில் ஆளுக்கொன்று. மூன்று முறை ஊதி ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டு மறுபடி மூன்று. தொண்டை அரை மணி நேரத்தில் கட்டிவிடும், விசில் நாள் முழுக்க வரும். இருட்டினால் டார்ச்சால் அதே மூன்று. விசிலைப் பையின் தோள்பட்டையில் கட்டச் சொல்லுங்கள். படத்தின் தொடக்கத்தில் அலமாரியின் மேல்தட்டில் துழாவும் கைக்குக் கத்தி எட்டாமல் போகுமே, மகளுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். பை மூன்றடி தள்ளி விழுந்துவிட்டால் அதற்குள் இருக்கும் விசிலும் அப்படித்தான். கைபேசியை ஏரோப்ளேன் மோடில் வைத்தே நடக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடித்தேடியே பேட்டரி தீரும். எட்டில் இரண்டு போன் முழுதாக அணைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வேறு வேறு பைகளில் இருக்கட்டும். அழைப்பு போகாத இடத்திலும் எஸ்.எம்.எஸ். போய்விடுவதுண்டு.

வரிசையில் வழி தெரிந்தவள் முன்னால், மெதுவாக நடப்பவள் அவளுக்கு அடுத்து, நிதானமான ஒருத்தி கடைசியில். கடைசியாள் மாறக் கூடாது. ஒவ்வோர் ஓடையைக் கடந்ததும் தலை எண்ண வேண்டும்.

இறுக்கிக் கட்டுவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் படம் பார்த்த பிள்ளைகளின் மனதில் அது பதிந்துவிடுகிறது. ரால்ஸ்டன் கையை இறுக்கிக் கட்டியது அதை வெட்டி எடுப்பதற்காக. பாம்புக்கடிக்கு அப்படிக் கட்டினால் நல்ல காலும் அழுகிப்போகும். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கொலுசு, மோதிரம், ஷூ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, எலும்பு முறிவுக்குச் செய்வது போலக் குச்சி வைத்து அசையாமல் துணியால் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். வெட்டுக்காயத்தில் ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். ‘நின்னுடுச்சா’ என்று நடுநடுவே எடுத்துப் பார்ப்பதால்தான் நிற்பதில்லை.

கிளம்பும் முன் வாசல் சிமெண்ட் தரையில் தண்ணீர் தெளித்து, அவள் போட்டுக்கொண்டு போகும் ஷூவோடு ஒரு முறை மிதிக்கச் சொல்லி, அந்தத் தடத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். தேடப் போகிறவர்களுக்கு மண்ணில் பார்க்க வேண்டிய தடம் எது என்று காட்ட இதைவிடச் சுலபமான வழி இல்லை. தாளை இரண்டு படி எடுத்து, ஒன்றை ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், ஒன்றை வேன் ஓட்டுநரிடம் கொடுங்கள்.

‘என்னை வேவு பாக்கறியா’ என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் டவரும் மின்சாரமும் போனபோது, எத்தனை வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் தவித்தார்கள் என்று நினைவுபடுத்துங்கள். நீங்கள் வெளியூர் போகும்போது அதே போல ஒரு தாள் எழுதி அவளிடம் கொடுங்கள். கேள்வி நின்றுவிடும்.

இனி உங்கள் பங்கு. 5.30க்குள் ‘வெளியே வந்துட்டோம், எட்டுப் பேர்’ என்று செய்தி வர வேண்டும். வராவிட்டால் அரை மணி நேரம் எதுவும் செய்யாதீர்கள், பாதி நேரம் டவர்தான் காரணமாக இருக்கும். 6 மணிக்கு ஓர் எஸ்.எம்.எஸ். 6.30க்கு ஓட்டுநரை அழையுங்கள், மலையடிவாரத்தில் நிற்கும் அவருக்குத்தான் முதலில் தெரியும். 7 மணிக்குக் காவல் நிலையத்தையும் வனச்சரக அலுவலகத்தையும் அழைத்துத் தாளில் இருப்பதை அப்படியே படியுங்கள். இரவில் உள்ளே போய்த் தேடுவது பெரும்பாலும் நடக்காது. ஆனால் 7 மணிக்குத் தகவல் போயிருந்தால் விடியும்போது ஆட்கள் ஓடைக்கரையில் நிற்பார்கள், நள்ளிரவில் போனால் விடிந்த பிறகுதான் ஆள் கூட்டவே தொடங்குவார்கள். ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், வீணா நாலு பேரைத் தொந்தரவு பண்ணுவானேன்’ என்று அப்பாக்கள் தயங்குவது இந்த இடத்தில்தான். எட்டும் 7.15க்கு வந்து நின்றால் மறுபடி அழைத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், யாரும் திட்ட மாட்டார்கள்.

தாளின் அடியில் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி எழுதி, மகள் பார்க்கும்படி ஒட்டுங்கள்: ‘6 மணி வரை கூப்பிட மாட்டேன். 7 மணியானால் கூச்சப்படாமல் சொல்லிவிடுவேன்.’